மொய் நோட்டு யாருடையது?

(தேசிய நுகர்வோர் நாளையொட்டி, போர்ட் பிளேரில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1986ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். இத்தகைய மேடையில் எடைக்கல், காலாவதித் தேதி, கலப்படம் பற்றிப் பேசுவது மரபு. எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு அதைவிடச் சற்றுப் புதியது. பொருள் வாங்குகிற மக்களுக்காக, யாருக்கும் கட்டுப்படாமல் நடந்துவந்த ஓர் இணையதளம் ஒரு நாள் பெரிய நிறுவனத்துக்கு விலைபோகிறது. அதை நம்பியிருந்தவர்கள், அதில் எழுதி எழுதி வளர்த்தவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களால் என்னதான் செய்ய முடியும்?

“நமக்கு இணையமே ஒழுங்காக வந்து எத்தனை வருஷம் ஆகிறது, அதற்குள் இந்தப் பேச்சு எதற்கு?” என்று யாராவது நினைக்கலாம். நியாயம்தான். சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று அது தொடங்கிவைக்கப்படும்வரை நாம் செயற்கைக்கோளையே நம்பி இருந்தோம். ஒரு படம் இறங்குவதற்குள் டீ ஆறிவிடும். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம், சுமார் 1,224 கோடி ரூபாய் செலவு. போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என ஏழு இடங்களுக்கு அந்த இழை போய்ச் சேர்ந்தது. பிந்தி வந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முந்திப் போனவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்து நடக்கலாம். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னையில் ஒரு கடை ஏமாற்றினால் அடுத்த தெருவில் இன்னொரு கடை. நமக்கு அப்படி இல்லை. மெயின்லேண்டுக்குப் போக ஒன்று விமானம், அல்லது மூன்று நாள் கப்பல். கப்பல் தாமதமானால் அபர்தீன் பஜாரில் வெங்காய விலை ஏறுகிறது. மாற்று வழி குறைவாக உள்ள ஊரில், எது நல்லது, எது மோசம், எங்கே என்ன விலை என்ற செய்தி அரிசி பருப்பைப் போன்ற அத்தியாவசியப் பொருள். அந்தச் செய்தி யார் கையில் இருக்கிறது என்பது நமக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வி ஆகாது.

முதலில் இப்படிப்பட்ட தளங்கள் எப்படி உருவாகின்றன என்று பார்ப்போம். ஒருவர் ஒரு பக்கத்தைத் தொடங்குகிறார். “நான் இந்த ஹோட்டலில் தங்கினேன், படுக்கை சுத்தம், சாப்பாடு சுமார்” என்று ஒருவர் எழுதுகிறார். அதைப் படித்துப் பயனடைந்த இன்னொருவர், நாமும் நமக்குத் தெரிந்ததை எழுதுவோமே என்று எழுதுகிறார். யாரும் கூலி கேட்பதில்லை. நம் வீட்டுக் கல்யாணங்களில் எழுதும் மொய் நோட்டு மாதிரிதான் இது. இன்றைக்கு நான் எழுதுகிறேன், என் வீட்டு விசேஷத்துக்கு நீ எழுதுவாய். நோட்டு கல்யாண வீட்டுக்காரரிடம் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஓர் உறவு. கல்யாண வீட்டுக்காரர் அந்த நோட்டை ஒரு வட்டிக்கடைக்காரரிடம் விற்றுவிட்டால் எப்படி இருக்கும்? காகிதம் அவர் வாங்கியது, பேனா அவர் வாங்கியது, பந்தல் அவர் போட்டது. எல்லாம் உண்மை. இருந்தாலும் மொய் எழுதியவர்களுக்கு வயிறு எரியும். தளம் விலைபோகும்போது மக்களுக்கு வருகிற கோபம் இந்த வகையைச் சேர்ந்தது. சட்டப்படி அது சிக்கலான கோபம், ஆனால் நியாயமான கோபம்.

அந்தக் கோபம் எப்போது பலித்தது, எப்போது பலிக்கவில்லை? நடந்த கதைகளைச் சொல்கிறேன்.

சுற்றுலாவை நம்பி வாழும் தீவு நம்முடையது. ஆகவே சுற்றுலாவிலிருந்து தொடங்குகிறேன். 2003ஆம் ஆண்டு ஒரு தம்பதியர் ‘விக்கிட்ராவல்’ என்ற பயண வழிகாட்டித் தளத்தைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எந்த ஊரில் எங்கே தங்குவது, எந்த வண்டிக்காரர் எவ்வளவு கேட்பார், எங்கே ஏமாற்றுவார்கள் என்று உலகெங்கும் உள்ள பயணிகள் எழுதினார்கள். 2006 ஏப்ரலில் அந்தத் தளத்தை இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. எழுதியவர்களுக்கு அதிர்ச்சி. “எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே” என்றார்கள்.

ஆனால் அவர்களிடம் ஒன்று இருந்தது. தளம் தொடங்கிய நாளிலேயே நிறுவனர்கள் ஒரு பொது உரிமத்தை ஏற்றிருந்தார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அந்த உரிமத்தின்படி, எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே நிபந்தனையோடு, யார் வேண்டுமானாலும் அந்த எழுத்தைப் படியெடுத்து வேறிடத்தில் வெளியிடலாம். ஜெர்மன் மொழியில் எழுதிவந்தவர்கள் அந்த ஆண்டு டிசம்பரிலேயே தங்கள் எழுத்துகளை எல்லாம் படியெடுத்துக்கொண்டு வெளியேறி, ‘விக்கிவாயேஜ்’ என்று தனித்தளம் தொடங்கினார்கள். அதை நடத்த ஒரு சங்கத்தையும் பதிவு செய்தார்கள். இத்தாலிய மொழிக்காரர்கள் அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தார்கள். விளம்பரம் கூடியது, தொழில்நுட்பப் பராமரிப்பு குறைந்தது. 2012இல் அவர்களும் கிளம்பினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் இரண்டு தன்னார்வலர்கள்மேல் வழக்கே போட்டது. கூலி வாங்காமல் எழுதியவர்கள்மேல் வழக்கு! விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அவர்களுக்குத் துணை நின்றது. 2013 ஜனவரி 15 அன்று விக்கிவாயேஜ் அந்த அறக்கட்டளையின் தளமாக முறைப்படி தொடங்கியது. அடுத்த மாதமே வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜெர்மன்காரர்களின் கோபம் மற்றவர்களின் கோபத்தைவிடப் பெரிது என்பதால் அவர்கள் ஜெயிக்கவில்லை. விற்பனைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த ஓர் உரிமம் அவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்திருந்தது.

அந்தக் கதவு சரியாக அமையாத கதை ஒன்றும் உண்டு. 1990களில் பாட்டு சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் ‘டிராக் 1, டிராக் 2’ என்றுதான் காட்டும். பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் வராது. சிடிடிபி என்ற தளத்தில் உலகம் முழுவதும் இசைப் பிரியர்கள் தங்களிடம் இருந்த சிடிகளின் விவரங்களைத் தட்டச்சு செய்து சேர்த்தார்கள். 1998இல் அது ஒரு நிறுவனத்துக்குப் போனது. பிறகு கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது, உரிமம் வாங்கியவருக்கு மட்டுமே சேவை என்றானது. சும்மா தட்டித் தந்த விவரத்தைப் பயன்படுத்தக் கட்டணம்! 2008இல் சோனி நிறுவனம் 260 மில்லியன் டாலருக்கு அதை வாங்கியது. கோபப்பட்டவர்கள் ‘ஃபிரீடிபி’ என்ற மாற்றைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் ஓடிய அதுவும் 2020இல் மூடப்பட்டது. அதே கோபத்திலிருந்து பிறந்த ‘மியூசிக்பிரெய்ன்ஸ்’ மட்டும், லாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றை முறையாக அமைத்துக்கொண்டதால், இன்றும் நடக்கிறது. கோபம் ஒரு தளத்தைத் தொடங்கிக் கொடுக்கும். அதைத் தொடர்ந்து நடத்தக் கணக்குப்பிள்ளை வேண்டும்.

இனி அசல் நுகர்வோர் தளம் ஒன்றின் கதை. பிரிட்டனில் மார்ட்டின் லூயிஸ் என்ற பத்திரிகையாளர் 2003 பிப்ரவரியில் ‘மணிசேவிங்எக்ஸ்பர்ட்’ என்ற தளத்தைத் தொடங்கினார். போட்ட முதல் வெறும் 100 பவுண்டு. வங்கி எங்கே அநியாயக் கட்டணம் பிடிக்கிறது, அதை எப்படித் திரும்பக் கேட்பது, எந்தக் கடன் அட்டை மலிவு என்று எழுதினார். வாசகர்களும் தங்கள் அனுபவங்களைக் கொட்டினார்கள். வங்கிகளுக்கு எதிராக மாதிரிக் கடிதம் போட்டுக்கொடுத்தால், லட்சக்கணக்கானவர்கள் அதை அச்செடுத்து அனுப்பினார்கள். 2012 ஜூனில் அந்தத் தளத்தை மணிசூப்பர்மார்க்கெட் என்ற நிறுவனத்துக்கு, 87 மில்லியன் பவுண்டுவரை போகக்கூடிய விலைக்கு, விற்பதாக அறிவித்தார்.

வாங்கியவர் யார் என்று பாருங்கள். கடன், காப்பீடு, மின்கட்டணம் ஆகியவற்றை ஒப்பிட்டுக் காட்டி, அந்தந்தக் கம்பெனிகளிடம் கமிஷன் பெறும் நிறுவனம். கம்பெனிகளைத் தட்டிக் கேட்ட தளம், கம்பெனிகளிடம் கமிஷன் பெறும் வீட்டுக்கு வாழ்க்கைப்படுகிறது. வாசகர்கள் இரண்டாகப் பிரிந்ததில் வியப்பில்லை. “மனிதர் உழைத்தார், சம்பாதிக்கட்டும்” என்று ஒரு சாரார். “நாங்களும்தானே உழைத்தோம்” என்று இன்னொரு சாரார்.

லூயிஸ் மூன்று காரியங்கள் செய்தார். விற்பனையின் பகுதியாகவே ஓர் ஆசிரியர் குழு நெறிமுறையை எழுதிச் சேர்த்தார். வாங்குபவரின் வணிகம் எப்படி இருந்தாலும், நுகர்வோருக்கு எது நல்லதோ அதையே தளம் எழுதும் என்பது அதன் சாரம். இரண்டாவதாக, பத்து மில்லியன் பவுண்டை அறப்பணிகளுக்குத் தருவதாக அறிவித்தார். மூன்றாவதாக, தானே சில ஆண்டுகள் ஆசிரியராக நீடிக்க ஒப்புக்கொண்டார். முன்பிருந்தே அந்தத் தளத்தில் ஒரு பழக்கம் உண்டு. கமிஷன் கிடைக்கும் இணைப்பின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். குறி உள்ள இடத்தில் எங்களுக்குப் பணம் வருகிறது, வேண்டாமென்றால் குறியில்லாத இணைப்பில் போங்கள் என்று விளக்கியிருப்பார்கள். வாசகர் தளத்தை விட்டுப் போகாததற்கு அந்த நட்சத்திரக் குறிக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர் ஏமாந்ததாக நினைக்கமாட்டார்.

ஆனால் ஒப்பந்தத்தில் நெறிமுறை எழுதிய இருவரும் விற்றவரும் வாங்கியவரும்தான். வாசகர் அதில் ஒரு கட்சிக்காரர் இல்லை. நாளைக்கு அந்த நெறிமுறை மீறப்பட்டால் வாசகர் நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. அது ஒரு நல்ல மனிதரின் வாக்குறுதி. நல்ல மனிதர் கிடைத்தது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

சரி, லாபம் பார்க்காத நல்ல நிறுவனம் வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அமெரிக்காவில் ‘கன்ஸ்யூமரிஸ்ட்’ என்ற தளம் 2005இல் தொடங்கியது. கம்பெனிகளின் அட்டூழியங்களை வாசகர்கள் அனுப்ப, கேலியும் கோபமுமாக அதை வெளியிடுவார்கள். அமெரிக்காவிலேயே மோசமான கம்பெனி எது என்று ஆண்டுதோறும் வாசகர் வாக்கெடுப்பு நடத்தினார்கள். கம்பெனிகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நடுக்கம். 2008 கடைசியில் அதைக் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் வாங்கியது. 1936 முதல் இயங்கும் அமைப்பு அது. அவர்கள் நடத்தும் பத்திரிகையில் விளம்பரமே கிடையாது, சோதித்துப் பார்க்கும் பொருளைக்கூடக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குவார்கள். இதைவிட நல்ல மாப்பிள்ளை கிடைப்பானா? வாசகர்களும் பெரிதாக எதிர்க்கவில்லை. விளம்பரம் நின்றது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், தளமே நின்றது. தாய் நிறுவனம் அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. வாங்கியவர் நல்லவரா கெட்டவரா என்பதை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இது சாட்சி.

இந்தியாவில் உள்ள நாம் எப்போதும் விற்கப்படும் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உணவகங்களைப் பற்றி மக்கள் எழுதிவந்த அர்பன்ஸ்பூன் என்ற தளத்தை 2015 ஜனவரியில் வாங்கியது நம் சொமாட்டோதான். சில மாதங்களில் பழைய தளத்தை மூடி, எல்லாவற்றையும் தன் தளத்தோடு கலந்தது. அங்கே எழுதிக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள், “டெல்லிக்காரர்கள் எங்கள் ஊர் சாப்பாட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டார்களே” என்று நினைத்திருந்தால், அந்த வருத்தம் நம் வருத்தத்தைவிட மட்டமானது இல்லை.

இங்கே எதிரில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. விமர்சனத் தளம் என்றால் நாம் எப்போதும் எழுதுபவரை மட்டும் நினைக்கிறோம். எழுதப்படுபவரும் இருக்கிறார். ஹேவ்லாக்கில் பத்து அறை வைத்து விடுதி நடத்துபவர், நீல் தீவில் மீன் சாப்பாடு போடுபவர், டைவிங் கற்றுக்கொடுக்கும் பையன், இவர்களுக்கெல்லாம் ஸ்டார் எண்ணிக்கைதான் சீசன். டிரிப்அட்வைசர் 2000இல் தொடங்கியது. நான்கே ஆண்டில் விலைபோய், பிறகு எக்ஸ்பீடியா என்ற பயணப் பதிவு நிறுவனத்தின் குடைக்குள் 2011 வரை இருந்தது. எந்த விடுதி நல்லது என்று சொல்லும் தளமும், விடுதி அறை விற்கும் தளமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எழுதுபவரின் நேர்மை அப்படியே இருக்கலாம். ஆனால் பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்று வரிசைப்படுத்துவது எழுதுபவர் கையில் இல்லை. சிறிய விடுதிக்காரருக்கு அந்த வரிசைதான் சோறு. உரிமையாளர் மாறினால் வரிசையின் கணக்கு மாறலாம், அது மாறியது என்று அவரிடம் யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைப்பவர்கள் கையிலிருக்கும் செல்பேசியைப் பாருங்கள். கப்பல் எப்போது வருகிறது, டிக்கெட் எப்போது திறக்கிறார்கள், எந்தக் கடையில் தக்காளி வந்திருக்கிறது என்று நாம் எதில் கேட்டுக்கொள்கிறோம்? வாட்ஸ்அப்பில். விளம்பரம் வராது என்று உறுதி சொல்லி வளர்ந்த செயலி. 2014 பிப்ரவரியில் 19 பில்லியன் டாலருக்கு ஃபேஸ்புக் வாங்குவதாக அறிவித்தது. எதுவும் மாறாது என்றார்கள். 2016இல் தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்களைத் தாய் நிறுவனத்தோடு பகிரும் கொள்கை வந்தது. 2021 ஜனவரியில் “ஏற்றுக்கொள், இல்லையேல் பயன்படுத்தாதே” என்ற அறிவிப்பு வந்தது. பலர் கோபமாக சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் போனார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அத்தையும் இல்லை, கப்பல் செய்தி சொல்பவரும் இல்லை. திரும்பி வந்துவிட்டார்கள். அந்தக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில், மெட்டா என்று பெயர் மாறியிருந்த ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதுவும் மேல்முறையீட்டுக்குப் போனது. நம் குழுச் செய்திகளை ஊர்ப் பொதுச்சொத்தாக எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் வசதி மட்டும் வரவில்லை.

ஆக, என் பேச்சின் சாரம் ஒரே வாக்கியம்தான். மக்களின் கோபத்துக்கு மதிப்பு உண்டாவது, தாங்கள் எழுதியதைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியேற முடிகிறபோதுதான். அது முடியாத இடத்தில் கோபம் நாலு நாள் சத்தம், ஐந்தாம் நாள் பழக்கம்.

விற்பவர் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. தளம் நடத்துவது சும்மா இல்லை. சர்வர் வாடகை, பொய் விமர்சனங்களைப் பொறுக்கி எறியும் வேலை, எல்லாவற்றுக்கும் மேலாக வக்கீல் நோட்டீஸ். மும்பையில் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் ‘மவுத்ஷட்’ என்ற நுகர்வோர் விமர்சனத் தளத்தைப் பாருங்கள். மோசமான விமர்சனத்தை நீக்கு என்று கம்பெனிகள் மிரட்ட, அந்தத் தளம் உச்சநீதிமன்றம்வரை போனது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் வந்த தீர்ப்பை எல்லோரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த தீர்ப்பாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிப்போ வந்தால்தான் தளம் ஒரு பதிவை நீக்கியாக வேண்டும், எவரோ ஒருவர் புகார் கடிதம் எழுதினால் போதாது என்பது. அந்தத் தொகுப்பு வழக்குகளில் மவுத்ஷட்டும் ஒரு மனுதாரர். ஹோட்டலைப் பற்றி இன்றைக்கு நாம் தைரியமாக நாலு வரி எழுதுகிறோம் என்றால், அதற்காக யாரோ வக்கீலுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அந்தச் செலவைத் தனியாளாகச் சுமப்பவர் ஒரு நாள் களைத்துப்போய் விற்றால், அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. “செலவை நாம் எவ்வளவு பகிர்ந்தோம்?” என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், இலவசமாகத் தரப்படும் சேவை ‘சேவை’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. காசு கொடுக்காமல் விமர்சனம் எழுதியவர் தளத்தின்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். 2022 நவம்பரில் இந்தியத் தரநிர்ணய அமைப்பு இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. காசு வாங்கி எழுதும் விமர்சனத்தைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் விருப்பமுள்ள தளங்கள் பின்பற்றும் தரநிலையாகத்தான் அது வந்தது. தளம் கைமாறும்போது எழுதியவருக்கு என்ன உரிமை என்பதை அது தீர்க்கவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பெயரையும் எண்ணையும் பற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வரும் நிலையில் உள்ளன.

மிச்சமிருப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். நீங்கள் சொந்தமாக எழுதிய விமர்சனத்துக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். ஆனால் சேரும்போது படிக்காமலேயே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துகிறோமே, அந்த ஒரு தட்டலில், உங்கள் எழுத்தை என்றென்றைக்கும் பயன்படுத்தவும் மற்றவருக்கு மாற்றிக்கொடுக்கவும் பெரும்பாலான தளங்கள் அனுமதி வாங்கிவிடுகின்றன. உரிமை உங்களிடம், உபயோகம் அவர்களிடம். ஆகவே எழுதுவதில் எல்லாம் ஒரு படி உங்களிடம் இருக்கட்டும் என்பது நான் தரும் முதல் அறிவுரை. இளைஞர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

இரண்டாவது அறிவுரை கொஞ்சம் பெரியது, நம் முன்னோர் ஏற்கெனவே செய்து காட்டியது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் இருபத்தெட்டு தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கடை போட்டார்கள். கலப்படமில்லாத மாவு, சரியான எடை, ஆளுக்கு ஒரு வாக்கு. அந்தக் கருத்து கடல் கடந்து வந்து 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் வேரூன்றியது. டியூசிஎஸ் என்று சென்னைவாசிகள் சொல்லும் அந்த நகரக் கூட்டுறவுச் சங்கம் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. வாங்குபவர்களே கடையின் சொந்தக்காரர்கள் என்றால் கடையை விற்கும் முடிவும் அவர்களுடையதாகிவிடுகிறது.

கூட்டுறவு என்று சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. உறுப்பினர்களும் விற்பார்கள். பிரிட்டனில் வீடு கட்டக் கடன் தரும் சங்கங்கள் உறுப்பினர்களுக்கே சொந்தமாக இருந்தன. 1990களில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கிடைக்கும் என்றதும், உறுப்பினர்களே வாக்களித்துப் பல சங்கங்களைக் கம்பெனி ஆக்கினார்கள். 1997இல் அப்படிக் கம்பெனியான நார்தர்ன் ராக், பத்தே ஆண்டில், வாசலில் மக்கள் வரிசையில் நின்று பணத்தை எடுக்கும் நிலைக்கு வந்தது. 2008இல் அரசே அதை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. இதே காலத்தில் நேஷன்வைட் என்ற சங்கம் புத்திசாலித்தனமாக ஒரு பூட்டுப் போட்டது. புதிதாகச் சேருபவர்கள், நாளை சங்கம் விற்கப்பட்டால் தங்களுக்குக் கிடைக்கும் பங்கை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டே சேர வேண்டும். விற்பதால் லாபமில்லை என்றால் விற்கும் ஆசையும் வராது. அந்தச் சங்கம் இன்றும் உறுப்பினர்களின் சொத்தாகவே இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தத் தீவுகளுக்கென்று ஒரு நுகர்வோர் தளம் வேண்டும் என்று இங்குள்ள இளைஞர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணம். ஜங்கிலிகாட்டில் மீன் விலை, அபர்தீனில் காய்கறி விலை, ஹாடோவுக்குக் கப்பல் வந்த தேதி, சொன்ன தேதி, தனியார் படகுகள் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வந்ததா இல்லையா, எந்த மெக்கானிக் நியாயமாகக் கேட்கிறார். இதைத் தமிழில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் வங்காளத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் நிக்கோபாரியிலும் எழுத இடம் வையுங்கள். விலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆனால் தளத்துக்கு வண்ணம் தேர்வதற்கு முன்பே, நாலு விதிகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதலாவது, இதில் எழுதப்படும் எல்லாம் பொது உரிமத்தில் இருக்கும், யாரும் படியெடுக்கலாம். மாதம் ஒருமுறை முழுத் தொகுப்பும் எவரும் இறக்கிக்கொள்ளும் வகையில் வைக்கப்படும். இரண்டாவது, பணம் எங்கிருந்து வந்தாலும், அது விடுதிக்காரரோ படகுக் கம்பெனியோ அரசுத் துறையோ, வந்த இடத்தில் ஒரு குறி இருக்கும். மூன்றாவது, தளம் ஒரு தனியாள் பெயரில் இருக்காது, பதிவு செய்யப்பட்ட சங்கத்தின் பெயரில் இருக்கும். டொமைன் பெயரும் அப்படியே. பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன. நாலாவது, எப்போதாவது விற்க நேர்ந்தால் எழுதியவர்களுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு, வேண்டாதவர் தன் எழுத்தை நீக்கிக்கொள்ளும் உரிமை, வந்த தொகை உறுப்பினர்களுக்குப் பிரிக்கப்படாமல் ஒரு பொதுக் காரியத்துக்கு.

“தொடங்குவதற்கு முன்பே விற்பதைப் பற்றி எழுதுவது அபசகுனம் இல்லையா?” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். எல்லோரும் நண்பர்களாக இருக்கும்போது, பையில் பணம் வராதபோது, விலை பேச யாரும் வாசலில் நிற்காதபோது எழுதினால்தான் இந்த விதிகள் நியாயமாக அமையும். வாங்குபவர் வந்து நின்ற பிறகு எழுதும் விதியில் அவருடைய கை இருக்கும்.

அப்புறம் சந்தா. மாதம் பத்து ரூபாயோ ஐம்பது ரூபாயோ, கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். மொய் எழுதுபவர் பந்தல் செலவிலும் கொஞ்சம் பங்கேற்றால், நோட்டு யாருடையது என்று பிற்பாடு யாரும் கேட்க வேண்டியிருக்காது.

அந்த நாலு விதிகளின் வரைவைத் தட்டச்சு செய்து எடுத்து வந்திருக்கிறேன். அவைத்தலைவரிடம் கொடுக்கிறேன். அடித்துத் திருத்துங்கள், சேருங்கள், சண்டை போடுங்கள். அடுத்த கூட்டத்தில் தளத்தின் பெயரை முடிவு செய்வதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள்.